கள்ளும் கஞ்சாவும் ராஜாஜியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீடு தங்காது. பேரருவியில் கூட்டம் என்றால் ஐந்தருவி, அங்கும் கூட்டம் என்றால் பழைய குற்றாலம் என்று அலைந்து, ஈரத் துண்டோடு வீடு திரும்புவது எங்கள் ஊர்ப் பழக்கம். பருவக் காலத்தில் இந்தச் சாலைகளில் நடக்கும் வாகனச் சோதனையும் எங்களுக்குப் பழகிப்போன காட்சிதான். பைகளைத் திறந்து பார்க்கும் காவலர்கள் தேடுவது பெரும்பாலும் கஞ்சாப் பொட்டலங்களை. சிறிது தொலைவு சென்றால் அரசின் மதுக்கடை. அங்கே வரிசையில் நிற்பவர்களை எவரும் சோதிப்பதில்லை. ஒரு போதைக்குச் சிறையும் மற்றொரு போதைக்கு அரசு முத்திரையும் எப்படி வந்தன என்று யோசிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் மூதறிஞர் ராஜாஜி.

ராஜாஜிக்குக் குற்றாலம் அந்நியமான ஊர் அன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இங்கே வாழ்ந்த காலத்தில் அவருடைய விருந்தினராக ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கியதுண்டு. அருவிக் குளியலும் கம்பராமாயணப் பேச்சுமாகக் கழிந்த அந்த நாள்களைத் தென்காசியின் முதியவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால், எங்கள் வீட்டில் அவர் பெயர் அடிபட்டதற்குக் காரணம் கம்பனல்லன், கள்.

என் தாத்தா பனையேறி. சுரண்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவிப் பிழைத்தவர். இறக்கிய கள்ளில் ஒரு பங்கு அவருக்குள்ளேயே போகும். நாற்பதுகளின் பிற்பகுதியில் மதுவிலக்கு எங்கள் பக்கத்துக்கும் வந்தபோது, கடை மூடிய முதல் ஆண்டில் தாத்தா கூலியை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்றும், அந்தக் காசில் இரண்டு வெள்ளாடுகள் வாங்கியதாகவும் ஆச்சி சொல்வாள். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ராஜாஜியின் படம் ஒன்று அவளுடைய டிரங்குப் பெட்டியின் மூடியில் கடைசிவரை ஒட்டியிருந்தது.

தாத்தாவுக்கோ அந்தப் படத்தைப் பார்த்தாலே முகம் சுருங்கும். பதநீர் இறக்க உரிமம் உண்டு. அதற்குக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஒரு விடியற்காலையில் அவர் மரத்திலிருந்து இறக்கிய கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை என்று பிடித்துச் சென்றார்கள். பத்து நாள் காவல், பிறகு அபராதம். அபராதம் கட்ட அந்த இரண்டு வெள்ளாடுகளும் போயின. திரும்பி வந்தவர் அதன்பின் ஊர்க் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காரவேயில்லை என்று அப்பா சொல்வார்.

ஒரே சட்டம் ஆச்சிக்கு விடுதலையாகவும் தாத்தாவுக்கு அவமானமாகவும் இருந்தது. இருவரும் சொன்னது உண்மை. வழக்குரைஞனாகத் தென்காசியில் தொழில் செய்யத் தொடங்கிய பிறகுதான், அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிற்கும் மனிதரின் வாழ்க்கையைப் படித்தறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10 அன்று, அன்றைய சேலம் மாவட்டத்தில் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தை கிராம முன்சீப். பெங்களூரில் கல்லூரிப் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு. 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்குரைஞரானார். குற்றவியல் வழக்குகளில் விரைவில் பெரும்பெயர் எடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவனின் பக்கம் நின்று வாதாடியே பொருள் சேர்த்தவர் அவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று, வருவாய் மிகுந்த அந்தத் தொழிலைக் கைவிட்டார்.

1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்ற அவர் மூன்று மாதம் அங்கிருந்தார். அங்கே நாள்தோறும் எழுதிய குறிப்புகள் பின்னர் நூலாயின. சிறை என்ற அமைப்பு மனிதனை எப்படித் தேய்க்கிறது என்பதை உள்ளேயிருந்து கண்டு எழுதிய அரசியல் தலைவர்களுள் அவரும் ஒருவர்.

1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவையே அதன் பணிகள். மழை பொய்த்த அந்த வறண்ட வட்டாரத்தில், நூற்றுச் சம்பாதித்த கூலி கள்ளுக்கடையில் கரைவதை அவர் அன்றாடம் கண்டார். அவருடைய மதுவிலக்கு வேட்கை நூலகத்தில் பிறந்ததன்று. ஆச்சியைப் போன்ற பெண்களின் வாசற்படிகளில் பிறந்தது. 1929இல் மதுவிலக்குக்காகவே விமோசனம் என்ற மாத இதழை ஆசிரமத்திலிருந்து நடத்தினார். இளைஞரான கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். ஒரே பொருளுக்காக ஓர் இதழ் நடத்தும் அளவுக்கு அந்தக் கொள்கை அவருள் ஊறியிருந்தது.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதலமைச்சர் பதவிக்குப் பெயர் அதுதான். பதவியேற்ற மூன்றாம் மாதமே, அக்டோபர் 1 அன்று, தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என மாவட்டம் மாவட்டமாக அது விரிந்தது. மது வருவாய் மாகாணக் கருவூலத்தின் தூண்களுள் ஒன்றாக இருந்த காலம் அது. அந்தத் தூணை அகற்றிய இடத்தில் 1939இல் பொது விற்பனை வரியை நிறுத்தினார். இந்தியாவில் அத்தகைய வரி அதுவே முதன்முறை. வணிகர்கள் கொதித்தனர், அவர் அசையவில்லை. கொள்கைக்கு விலை உண்டு என்றால் அந்த விலையை வெளிப்படையாகக் கேட்டு வாங்கியவர் அவர். இன்றைய ஆட்சியாளர்களிடம் அருகிவிட்ட நேர்மை அது.

அந்த 1937 அக்டோபர் 1 உலக வரலாற்றில் இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்கத்தக்க நாள். அதே நாளில்தான் அமெரிக்காவில் கஞ்சா வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயர் வரிச் சட்டம். நடைமுறையில் தடைச் சட்டம். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1933 டிசம்பரில்தான் அமெரிக்கா தன் மதுவிலக்கைக் கைவிட்டிருந்தது. கள்ளச் சந்தையும் அல் கபோன் போன்ற கூட்டத் தலைவர்களும் தழைத்த 13 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முடிவு அது. மதுவில் தோற்ற தடையைக் கஞ்சாவில் தொடர்ந்தார்கள். ஹாரி ஆன்ஸ்லிங்கர் என்ற போதைத் தடுப்பு அதிகாரி கிளப்பிய அச்சமும், மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள்மீதும் கறுப்பினத்தவர்மீதும் இருந்த வெறுப்பும் அந்தச் சட்டத்துக்கு உரமாயின.

சேலத்துச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல. சேலத்துச் சட்டத்தில் இனவெறுப்பு இல்லை. ஏழைக் குடும்பத்தின்மீது பரிவு இருந்தது. ஆனால், ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் மதுவை மட்டும் தடுக்கவில்லை. போதைப் பொருள்கள் என்ற சொல்லுக்குள் கஞ்சா, பங்கு, சரஸ் ஆகியவற்றையும் அடக்கி, அவற்றை உண்டாக்குவது, விற்பது, உட்கொள்வது அனைத்தையும் குற்றமாக்கியது. அதுவரை அரசின் உரிமம் பெற்ற கடைகளில் வரி கட்டி விற்கப்பட்ட பொருள் கஞ்சா. சிவனடியார் மடங்களிலும் மலையடிவாரத்துச் சாமியார்களின் சிலும்பியிலும் சித்த வைத்தியரின் லேகியத்திலும் அதற்கு இடமிருந்தது. அகத்தியர் மலையென்று நாம் வணங்கும் இந்தத் தொடர்ச்சியில், மூலிகை பறிப்பவனுக்கு அந்தச் செடி பாவமாகத் தோன்றியதில்லை.

இந்தத் தடை குறித்து அரசுக்கு முன்பே ஓர் அறிவுரை வழங்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவொழிப்பாளரான கெய்ன் எழுப்பிய கேள்வியை ஒட்டி, 1893இல் இந்தியக் கஞ்சாப் பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மக்வொர்த் யங். உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தனர். அளவோடு கொள்வதால் உடலுக்கோ மனத்துக்கோ குறிப்பிடத்தக்க கேடில்லை, அளவு மீறினால் கேடுண்டு, முழுத் தடை தேவையுமில்லை உசிதமுமில்லை, தடுத்தால் மக்கள் அதைவிடக் கொடிய போதையை நாடக்கூடும், எனவே உரிமமும் வரியும் கட்டுப்பாடுமே தக்க வழி என்பது அதன் சாரம். அந்நியர் ஆட்சி வருவாயை விட மனமின்றி அப்படி முடிவு செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆயினும், இத்தனை பேரிடம் கேட்டு, இத்தனை விரிவாக எழுதப்பட்ட ஆய்வு வேறெந்தப் போதைச் சட்டத்துக்கும் முன்னோடியாக இருந்ததில்லை. 1937இல் அது கணக்கில் கொள்ளப்பட்டிருந்தால் கள்ளையும் கஞ்சாவையும் சாராயத்தையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்க மாட்டார்கள்.

1939இல் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு அதை மீட்டெடுத்து, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதுக்கும் விரித்து நிறைவு செய்தது. அப்போது ராஜாஜி தில்லியில் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியை வகித்த ஒரே இந்தியர், கடைசியாக வகித்தவரும் அவரே. என் தாத்தாவின் கலயம் பிடிபட்டது அதற்கடுத்த ஆண்டுகளில்தான்.

1952இல் அவர் மீண்டும் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். வந்த சில மாதங்களிலேயே அவர் எடுத்த ஒரு முடிவு மாகாணத்தையே வியக்க வைத்தது. உணவு தானியக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் நீக்கிவிட்டார். பஞ்சம் வரும் என்று அஞ்சினார்கள். வரவில்லை, பதுக்கி வைத்திருந்த நெல் சந்தைக்கு வந்தது. கட்டுப்பாடு என்ற பெயரில் கள்ளச் சந்தையும் லஞ்சமும் வளர்கின்றன, அதிகாரியின் கையில் குவியும் அதிகாரம் எளியவனையே முதலில் நசுக்குகிறது என்பதை அவர் கண்டறிந்து செய்த துணிச்சல் அது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்து இறுதிவரை எழுதியதும் அதே கண்டறிதலின் தொடர்ச்சிதான்.

இங்கேதான் அவருடைய வாழ்க்கை எனக்கு ஒரு புதிராகிறது. தானியத்தில் தடை கள்ளச் சந்தையைப் பெருக்கும் என்று கண்டவர், கலயத்தில் அதைக் காண மறுத்தார். ஒரு மூட்டை நெல்லை ஊரெல்லை கடத்துபவனுக்காக வாதிட்டவர், சுண்ணாம்பு தடவாத கலயத்துக்காகப் பிடிபட்டவனைப் பற்றி அதே கூர்மையோடு எழுதவில்லை. நெல் உயிர் காப்பது, கள் உயிர் கெடுப்பது என்று அவர் பதில் சொல்லியிருக்கலாம். பொருள்களின் தன்மை வேறுதான். ஆனால், தடையை நடத்தும் கை ஒன்றே. அந்தக் கைக்கு நெல்லும் கள்ளும் கஞ்சாவும் ஒன்றுதான்.

1971இல் தமிழ்நாட்டு அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. அண்டை மாநிலங்களில் மது ஓடும்போது இங்கு மட்டும் தடுப்பது எளிதன்று, புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவுவதாகச் சொல்லும் மத்திய அரசு, ஏற்கெனவே கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு ஈடு தர மறுக்கிறது என்பவை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியின் தரப்பு நியாயங்கள். அப்போது ராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில், அரசியல் மாறுபாடுகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலமைச்சரின் இல்லத்துக்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. 1971 ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார்.

அதன் பிறகு நடந்தவற்றை நாம் அறிவோம். 1973-74இல் கடைகள் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003இல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்தது. இன்று ஆண்டு வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. மதுவின் இடத்தை நிரப்பக் கொண்டுவந்த விற்பனை வரியும் நின்றுவிட்டது, மது வருவாயும் திரும்பிவிட்டது. ராஜாஜியின் கணக்கில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று. நம் கணக்கில் இரண்டும்.

அவர் சட்டத்தில் எஞ்சியது எது? ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்த மது வெளியே வந்துவிட்டது. மரத்தில் சுரக்கும் கள் உள்ளேயே கிடக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு சென்றால், அங்கே கள்ளுக்கடைப் பலகை தொங்குகிறது. மலைக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் குற்றம். கஞ்சாவோ இன்னும் ஆழமாகப் புதைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் பன்னாட்டுப் போதைப் பொருள் உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் தந்திருந்தது. அந்த அவகாசம் முடியும் வேளையில், 1985 நவம்பர் 14 முதல் போதை மருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இலையைத் தனியே விட்டுவிட்டுப் பூவையும் பிசினையும் அது தடுத்தது. அதனால் வடக்கே சில மாநிலங்களில் பங்கு அரசு அனுமதியோடு விற்கிறது. ஒரே செடியின் இலை அங்கே பிரசாதம், பூ எங்கும் சிறை.

சட்டத்தின்படி ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சா சிறிய அளவு; ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. பத்து முதல் இருபது ஆண்டு வரை சிறை. இடைப்பட்ட அளவுக்குப் பத்து ஆண்டு வரை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த இளைஞன். 500 ரூபாய்க்காக ஒரு பையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டவன். பையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சிறு கூடுதல் அவனை இடைப்பட்ட அளவுக்குள் தள்ளியது. பிணை கிடைக்க இரண்டு மாதமாயிற்று. தேர்வு போயிற்று, படிப்பு நின்றது. பையைக் கொடுத்தவன் யார் என்பது வழக்கின் ஏடுகளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நீதிமன்ற வாசலில் அவன் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, வெள்ளாடுகளை விற்றுவிட்டு நின்ற ஆச்சி என் நினைவுக்கு வந்தாள்.

கஞ்சா தீங்கற்றது என்று நான் வாதிடவில்லை. வளரும் பருவத்தில் அதைத் தொட்டவர்களுக்கு நினைவாற்றல் குன்றுவதையும், சிலருக்கு மனச்சிதைவு தூண்டப்படுவதையும் மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. பள்ளி வாசலில் பொட்டலம் விற்பவன்மீது எனக்கு எந்தப் பரிவும் இல்லை. ஆனால், தீங்கின் அளவுதான் தண்டனையின் அளவு என்றால் நம் தராசு கோணலாக இருக்கிறது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தியது. நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடி என்று அது கணக்கிட்டது. இந்த மூன்று கோடிப் பேரும் குற்றவாளிகள் என்றால் அவர்களை அடைக்க நாட்டில் சிறைகள் போதா. ஆகவே, பிடிபடுபவன் மட்டும் குற்றவாளி. பிடிபடுபவன் எப்போதும் பேருந்தில் போகிறவன்.

தடை இருந்தும் பொருள் கிடைக்கிறது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து அது தெற்கே வந்துகொண்டேயிருக்கிறது. கஞ்சா வேட்டை என்று பெயரிட்டு நடத்திய காவல்துறை நடவடிக்கைகளில் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர்; வரத்து நிற்கவில்லை. மறைவில் விற்கும் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதும் வாங்குபவனுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அரசுக் கடை திறந்திருக்கும் மாநிலத்திலேயே, விலை கட்டாத ஏழை மறைவிடத்துக்குப் போனான். முழுத் தடையானாலும் சரி, வருவாய்க்காக மட்டுமே நடத்தும் விற்பனையானாலும் சரி, ஏழையின் உடல்நலம் எவர் கணக்கிலும் இல்லை என்பதையே அது காட்டியது.

உலகம் வேறு வழிகளைத் தேடத் தொடங்கிவிட்டது. போர்ச்சுகல் 2001இல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கி, மருத்துவரும் சமூகப் பணியாளரும் அமர்ந்த குழுவிடம் ஒப்படைத்தது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் ஜெர்மனி 2024இலும் கஞ்சாவைச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. தாய்லாந்து 2022இல் அவசரமாகத் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கியது. ஒழுங்குமுறையின்றித் திறப்பதும் தவறு என்பதற்கு அது சான்று. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப் பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுப்பு நடத்தியபோது, ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் ஒரு நிலையும் தென்காசிப் பேருந்து நிலையத்தில் வேறொரு நிலையும் நாம் எடுக்கலாகாது.

நான் கேட்பது பெரிதன்று. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்க வேண்டும். அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுவிக்க இப்போதைய சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. ஏட்டில் உறங்கும் அந்தப் பிரிவை மாவட்டந்தோறும் மருத்துவமனையோடு இணைத்து எழுப்ப வேண்டும். சித்த மருத்துவத்துக்கும் நார்ப்பயிருக்கும் உரிமம் வழங்கும் முறையை எளிமையாக்க வேண்டும். கள்ளுக்கு உரிமமும் தரக் கட்டுப்பாடும் வகுக்க வேண்டும். இவையெல்லாம் நடந்த பிறகு, முதிர்ந்தோர்க்கான கஞ்சா விற்பனையை அரசு ஒழுங்குபடுத்தலாமா என்பதை, 1893இல் செய்ததைப் போல, சாட்சிகளைக் கேட்டு ஆராய ஓர் ஆணையம் அமைக்கலாம். வருவாய் வருமானால் அதன் முதல் பங்கு போதை மறுவாழ்வு இல்லங்களுக்குப் போக வேண்டும்.

ராஜாஜி இதை ஏற்றிருப்பாரா? ஏற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 92 வயதில் மழையில் நனைந்து சென்றவர், எளிதில் மனம் மாறுபவர் அல்லர். ஆனால், அவருடைய வாழ்க்கையே எனக்கு வேறொரு பாடத்தையும் தருகிறது. அவர் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடியவர். சிறையை உள்ளிருந்து கண்டவர். பலன் தராத கட்டுப்பாட்டை ஒரே ஆணையில் தூக்கியெறிந்தவர். ஒரு கொள்கையின் செலவை மக்களிடம் மறைக்காதவர். அந்த நான்கு குணங்களையும் அவருடைய மதுவிலக்குச் சட்டத்தின்மீதே செலுத்திப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. நம் ஆட்சியாளர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தடையை மட்டும். அந்தத் தடை எந்தப் பரிவிலிருந்து பிறந்ததோ, அதை விட்டுவிட்டார்கள்.

ஆச்சி காலமானபின் அந்த டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. படம் மஞ்சளாகி ஓரம் உதிர்ந்துவிட்டது, எடுக்கவில்லை. பெட்டிக்குள் தாத்தாவின் பாளை அரிவாளும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியவள் ஆச்சிதான். கள்ளுக்கடை மூடியதற்காக நன்றி சொன்ன அவளே, தாத்தாவைப் பிடித்துச் சென்ற விடியலை நினைத்துச் சாகும்வரை அழுதாள். குடும்பத்தைக் காப்பதற்காக வந்த சட்டம் குடும்பத்தின் ஆளைப் பிடித்துச் செல்லக் கூடாது என்பதே அவள் கட்சி. போதைச் சட்டத்தைத் திருத்த அமரும் எவருக்கும் அது தொடக்கமாக இருக்கட்டும்.